இளைப்பாறுதலும் ஊழியமும்: சாக்ஸபோன், ஆர்கன், நாஞ்சில் நாடு

1

எதிர்ப்பிசை என்று பேச்செடுத்தால் நம் நண்பர்கள் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். பால் ராப்சன், பாப் மார்லி, கத்தார். கொஞ்சம் ஜாஸ் கேட்டவர் என்றால் ஜான் கால்ட்ரேனின் ‘அலபாமா’. 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் செத்ததற்குப் பிறகு, அதே நவம்பரில் பதிவானது அது. பட்டியலில் எனக்கு வழக்கில்லை. அது எதை வெளியே தள்ளுகிறது என்பதில்தான் வழக்கு. மெதுவான காதல் பாட்டு, சாய்ந்து உட்கார்ந்து கேட்கிற பாட்டு, யாரையும் எதற்கும் அழைக்காத பாட்டு இதெல்லாம் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுங்கிவிடுகிறது. வேணுமென்றால் அடோர்னோவையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். 1936லேயே அவர் ஜாஸ் மொத்தத்தையும் சரக்கு என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

கால்ட்ரேனே இந்தப் பிரிவினைக்கு ஒத்துவரவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. ‘அலபாமா’வுக்கு முன்னால், 1961 டிசம்பரிலும் 1962லும், பழைய காதல் பாட்டுகளை மட்டும் எடுத்து ‘பாலட்ஸ்’ என்று ஒரு தட்டே கொடுத்தவர் அவர்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது அவரைவிடவும் பேர் குறைந்த ஒருவரை. ஐக் கியூபெக், 1918ல் நியூவார்க்கில் பிறந்த கறுப்பர், டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். 1940களில் பேர் வாங்கினார். ஐம்பதுகளில் போதைப் பழக்கத்தாலும் மாறிப்போன ரசனையாலும் ஏறத்தாழக் காணாமல் போனார். 1959ல் புளூ நோட் நிறுவனம் அவரைத் திரும்ப அழைத்தது, ஜூக்பாக்ஸ்களில் காசு போட்டுக் கேட்கிற சிறிய தட்டுகளுக்காக. அந்த நிறுவனத்தை 1939ல் தொடங்கிய ஆல்ஃபிரட் லயன் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர். 1961 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் உயர்ந்த மரக்கூரை போட்ட பதிவுக்கூடத்தில் கியூபெக் ஒரு தட்டைப் பதிவு செய்தார். ‘இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்பிரிங்’ என்று பேர். ஃப்ரெடி ரோச் ஆர்கன், மில்ட் ஹின்டன் பாஸ், அல் ஹேர்வுட் டிரம்ஸ். ஆறே பாட்டு. சாக்ஸபோன் அவசரப்படவே இல்லை. சுரத்துக்கு முன்னால் மூச்சு வருவது கேட்கிறது. சுரம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு நிற்கிறது. ஆர்கன் அதன் கீழே விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கிறது.

அதே டிசம்பர் மாதம் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் நிறவெறிக்கெதிராக ஊர்வலம் போன நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். தட்டில் அதைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. இல்லாததாலேயே இது வரலாற்றுக்கு வெளியே போய்விடுகிறதா? இதுதான் என் கேள்வி.

ஆறில் இரண்டு அவரே கட்டிய பாட்டுகள். ஒன்றின் பேர் ‘எ லைட் ரிப்ரீவ்’. ரிப்ரீவ் என்பது தண்டனையை, குறிப்பாகத் தூக்குத் தண்டனையை, தள்ளிவைப்பதற்குச் சொல்கிற சொல். விடுதலையில்லை, தள்ளிவைப்பு. அவருக்குக் கிடைத்ததும் அவ்வளவுதான். 1963 ஜனவரியில், 44 வயதில், நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். இளைப்பாறுதல் என்று நான் சொல்வதை இந்தச் சொல்லோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தண்டனை ரத்தாகாத ஆட்கள் எடுத்துக்கொள்கிற ஓய்வு அது.

2

நியூவார்க் காரனுக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் என்ன ஓய் சம்பந்தம் என்று கேட்கலாம். ஓய்வு யாருடையது என்ற கேள்வி எங்கள் ஊரில் ரொம்பப் பழசு. அதுதான் சம்பந்தம்.

திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் ‘ஊழியம்’ என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. சர்க்காருக்கும் கோயிலுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகள் உடம்பால் கட்டிய வரி. கூப்பிட்டால் போயாக வேண்டும். கிழமை கணக்கு கிடையாது. 1806ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர், மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பில், மயிலாடிக்கு வந்தார். லண்டன் மிஷன் இங்கே வேர் பிடித்தது. 1810களில் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு சலுகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குப் போக வேண்டாம். 1855ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1859ல் தோள்சீலைப் பிரகடனம். அவற்றுக்கெல்லாம் நாற்பது வருஷத்துக்கு முன்னால் கிடைத்தது இந்த ஞாயிற்றுக்கிழமை.

தோள்சீலையைப் பேசுகிற அளவுக்கு நாம் இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பேசுவதில்லை. துணி உடம்பின் மேலுள்ள உரிமை என்றால், கிழமை உடம்பின் நேரத்தின் மேலுள்ள உரிமை. ஏழில் ஒரு நாள் என் கையும் காலும் எனக்குச் சொந்தம் என்று சட்டமே சொல்லும்படி ஆனது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த நாளை என்ன செய்வது? சும்மா இருக்க விட்டார்களா என்றால் இல்லை. ஆராதனை, ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, ஜெபக்கூட்டம் என்று நாள் நிறைந்துவிட்டது. இன்னொன்று மொழியில் நடந்தது. சபைத் தமிழில் ‘ஊழியம்’ என்ற அதே சொல் இறைப்பணிக்குப் பேராயிற்று. ‘என்ன செய்றாரு?’ என்றால் ‘ஊழியம் செய்றாரு’ என்று மரியாதையாகச் சொல்கிறோம். தாத்தாவின் முதுகை உடைத்த சொல் பேரனுக்குப் பட்டமாகிவிட்டது. ‘இளைப்பாறுதல்’ எதிர்த் திசையில் போயிற்று. சபைப் பேச்சிலும் மரண அறிவிப்பிலும் அது பெரும்பாலும் சாவுக்கு இன்னொரு பேர். ஒருவர் ‘இளைப்பாறிவிட்டார்’ என்றால் அவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார் என்று எங்க ஊரில் யாரும் நினைக்க மாட்டார்கள். உழைப்பு இந்தப் பக்கம், ஓய்வு அந்தப் பக்கம். நடுவில் கல்லறைச் சுவர்.

நான் மிஷனைக் குறை சொல்லிக் கணக்குத் தீர்க்க வரவில்லை. சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்கிற உரிமைக்கே 1926ல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்த மண் இது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936ல்தான் வந்தது. நாகஸ்வரம் உள்ளே ஒலிக்க, வெளியே தூரத்தில் நின்றவனுக்கு ஒரு வாத்தியத்தைக் கையில் தொட்டுப் பார்க்க இடம் கொடுத்தது சபைதான். அந்த இடத்துக்கு என்ன வாடகை என்பதைத்தான் கேட்கிறேன்.

3

கையில் வந்த வாத்தியங்களின் வம்சத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சாக்ஸபோனும், நம்ம ஊர் ஆர்கனுக்குத் தாயான ஹார்மோனியமும் ஒரே ஊரில் ஒரே பத்தாண்டில் காப்புரிமை பெற்றவை: 1840களின் பாரிஸ். பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846ல் தன் வாத்தியத்தைப் பதிவு செய்தார். பிரெஞ்சு ராணுவ பேண்டு அவருக்குச் சந்தை. மைதானத்தில் தூரத்துக்குக் கேட்க வேண்டும், உலோகத்தில் இருக்க வேண்டும், மரக்குழலின் நெகிழ்வும் வேண்டும். அலெக்சாண்டர் டெபேனின் ஹார்மோனியத்துக்குச் சந்தை சிறிய தேவாலயமும் நடுத்தர வீட்டுக் கூடமும். குழாய் ஆர்கன் வாங்க வக்கில்லாதவர்களின் ஆர்கன். ஒன்று கட்டளைக்குப் பிறந்தது, மற்றது வணக்கத்துக்குப் பிறந்தது. இரண்டுமே பாளையத்தோடும் மிஷனோடும் காலனிகளுக்குக் கப்பலேறின.

ஹார்மோனியம் இங்கே வந்து உட்கார்ந்த வேகம் அசாத்தியம். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1870களில் காலால் மிதிப்பதைக் கைத்துருத்தியாக மாற்றினார். தரையில் உட்காரும் சனங்களுக்கு அது தோதாகிவிட்டது. தமிழ் இசை நாடக மேடையில் அதுதான் ராஜா. கிட்டப்பா பாட, அண்ணன் காசி ஐயர் பெட்டி வாசித்தார். கமகம் பேசாத அந்நிய வாத்தியம் என்று அகில இந்திய வானொலி 1940ல் அதைத் தடை செய்து, 1971ல்தான் ஓரளவு தளர்த்தியது. தடை செய்தவர்கள் காதில் சுத்தம் இருந்தது. தெருவில் அதை வைத்துப் பிழைத்தவன் காதில் வயிறு இருந்தது.

சாக்ஸபோன் வம்சத்து ஊதுவாத்தியங்கள் எங்க பக்கம் பேண்டாக வந்தன. இதில் இரட்சண்யசேனைக்குப் பங்குண்டு. 1882ல் பம்பாயில் இறங்கிய சேனை கொட்டு முழக்கத்தோடு தெருவில் போக, போலீஸ் தடுத்தது. தலைவர் டக்கர் சிறைக்கும் போனார். 1890களில் அது நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி வைக்கிற அளவுக்கு ஊன்றிவிட்டது. இவர்கள் இங்கிலாந்தில் செய்த ஒரு காரியம் நம் கதைக்கு முக்கியம். மதுக்கடையில் குடிகாரன் பாடுகிற மெட்டை எடுத்து, வார்த்தையை மாற்றி, தேவனுக்குப் பாடினார்கள். மெட்டுக்குப் பாவமில்லை என்பது அவர்கள் இறையியல். சாராயக்கடையிலிருந்து ஆலயத்துக்கு ஒரு வழிப்பாதை போட்டார்கள்.

அமெரிக்கக் கறுப்பர்கள் அதே பாதையில் எதிர்த் திசையில் வண்டி ஓட்டினார்கள்.

4

லாரன்ஸ் ஹேமண்ட் என்ற சிகாகோ பொறியாளர் அடிப்படையில் கடிகாரக்காரர். ஆர்கன் வாசிக்கத் தெரியாது. கடிகார மோட்டாரைச் சுழல வைத்து மின்சாரத்தில் ஆர்கன் ஒலியை உண்டாக்கி 1935ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் செய்தவர்கள், இது ஏமாற்று என்று அரசிடம் புகார் போனார்கள். ஆனால் ஏழைச் சபைகள் வாங்கின, கறுப்பர் சபைகள் வாங்கின. அங்கே அது பிரசங்கத்துக்குப் பின்னால் முனகவும், இடையில் கேள்வி கேட்கவும், சபையை எழுப்பவும் கற்றுக்கொண்டது.

சனிக்கிழமை ராத்திரி அதே ஒலி தெருமுனை மதுக்கடையில் கேட்டது. ஐம்பதுகளில் வைல்ட் பில் டேவிஸ், பிறகு பிலடெல்பியா பக்கத்து ஜிம்மி ஸ்மித், ஷெர்லி ஸ்காட். ஷெர்லி ஒரு பெண், எடி டேவிஸின் சாக்ஸபோனோடு 1958ல் அவர் போட்ட தட்டுகள் இந்தச் சேர்க்கைக்கே இலக்கணம். இதற்குப் பின்னால் பக்தியோ புரட்சியோ மட்டுமில்லை, கணக்கும் இருக்கிறது. ஆர்கன்காரர் இடது கையாலும் காலாலும் பாஸ் வாசித்துவிடுவார். ஒரு ஆள் கூலி மிச்சம். 1944ல் அமெரிக்க அரசு, பாட்டும் நடனமும் உள்ள கடைகளுக்கு முதலில் 30 சதவீதமும் பிறகு 20 சதவீதமும் வரி போட்டது. ஆடாமல், பாடாமல் வாத்தியம் மட்டும் வாசித்தால் வரியில்லை. சொல்லில்லாத காதல் பாட்டு இப்படியும் ஒரு வழியாக வளர்ந்தது. ஏறத்தாழ 190 கிலோ கனமுள்ள ஆர்கன் பெட்டியை மாடிப்படியில் தூக்கி ஏற்றிய கைகளையும் சேர்த்துத்தான் அந்த ‘லேசான’ இசையைக் கேட்க வேண்டும்.

கியூபெக் எடுத்த பாட்டுகள் கறுப்பர் எழுதியவை மட்டுமில்லை. தலைப்புப் பாட்டு ரோஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் 1945ல் ‘ஸ்டேட் ஃபேர்’ என்ற சினிமாவுக்குக் கட்டியது. ‘ஓல் மேன் ரிவர்’ 1927ல் ‘ஷோ போட்’ நாடகத்துக்கு ஜெரோம் கெர்ன் மெட்டமைத்தது. மூட்டை தூக்கும் கறுப்பனின் வாயில் வெள்ளையர் வைத்த வார்த்தைகள். ராப்சன் பிற்பாடு மேடையில் அந்த வார்த்தைகளைத் தன் அரசியலுக்கு ஏற்ப மாற்றிப் பாடினார் என்பது நமக்குத் தெரிந்த கதை. கியூபெக் வேறொன்று செய்தார். வார்த்தையையே எடுத்துவிட்டார். எழுதினவனின் ஆதிக்கம் சொல்லோடு போயிற்று. மெட்டு மட்டும் நின்றது, வாசித்தவனின் மூச்சில். பிரதியை மறுவாசிப்புச் செய்வது பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு சாக்ஸபோன்காரர் சில நிமிஷத்தில் செய்ததும் அதுதானே?

அந்தத் தலைப்புப் பாட்டின் விஷயம் ஒரு பெண்ணின் காரணமில்லாத தவிப்பு. வசந்தமில்லை, ஆனாலும் வசந்தம் வந்த மாதிரி மனசு கிடந்து அலைகிறது. நாஞ்சில் நாட்டில் வசந்தம் என்று ஒரு பருவம் கிடையாது. கன்னிப்பூ உண்டு, கும்பப்பூ உண்டு. இரண்டும் அறுவடையின் பேர். நம் காலண்டரே வேலையின் காலண்டர். வசந்தத்தைக் காவியமும் சினிமாவும் கொண்டுவந்து கொடுத்தன. அதனால் பருவமில்லாமல் தவிக்கிற பாட்டு நமக்கு இன்னும் கிட்டத்தில் வர வேண்டும்.

5

இனி நம் பக்கம். ஆர்கன் இருந்தது, ஊதுவாத்தியம் இருந்தது, இரண்டையும் வாசிக்கிற கைகள் இருந்தன. ஆனால் இரண்டும் ஓர் அறையில் உட்கார்ந்து, யாருக்கும் ஊழியம் செய்யாமல், காதல் பாட்டை நிதானமாக வாசித்த தட்டு ஒன்று எங்களுக்கு ஏன் வாய்க்கவில்லை?

கிறிஸ்தவம் விடவில்லை என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்துப் பங்குப் பள்ளிகளில் இசை படித்தவர்கள்தான் பம்பாய் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தார்கள், இந்திப் பட வாத்தியக்குழுக்களை நிறைத்தார்கள். ஆனால் அதுவும் சொந்த ஊரில் நடக்கவில்லை, பிழைக்கப் போன பட்டணத்தில் நடந்தது. தெற்கே அந்தப் பட்டணம் சென்னை. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மேற்கத்திய இசையைப் படித்துத்தான் இளையராஜா போன்றவர்கள் வந்தார்கள். ஆக, கை கடந்துதான் போயிற்று. ஊரில் மட்டும் அதற்கு இடமில்லை.

எங்க பக்கம் வாத்தியத்துக்கு இரண்டே இடங்கள்: ஆலயமும் ஊர்வலமும். ஊர்வலத்தில் பெரும்பாலும் சாவு. பேண்டு செட்டில் சாக்ஸபோன்காரர் ஞானப்பாட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்து போவதை நான் பலதடவை கேட்டிருக்கிறேன். அந்த இழுப்பில் கியூபெக்கின் மூச்சு இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது. ஆனால் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, ‘அண்ணாச்சி, உமக்குப் பிடிச்ச ஒண்ணை வாசியும்’ என்று சொல்லுகிற இடம் எங்கே இருக்கிறது? செத்தவன் இளைப்பாறப் போகிறான், வாசிக்கிறவன் நடந்துகொண்டே இருக்கிறான்.

தமிழ் சினிமா ரொம்ப நாள் சாக்ஸபோனுக்குக் கொடுத்த இடம் கிளப் நடனம். மங்கிய விளக்கு, மதுக்கோப்பை, வில்லனின் மாளிகை, கெட்டுப்போனவள் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண். அந்த ஒலி வந்தாலே ஒழுக்கம் போயிற்று என்று ரசிகனுக்குப் புரிந்துவிடும். ஒரு பக்கம் ஆலயம், இன்னொரு பக்கம் காபரே. நடுவில், பாவமும் பரிசுத்தமும் இல்லாத சாதாரண சாயங்காலம் ஒன்று காணவில்லை.

இதை மாற்றியவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கத்து நாகஸ்வரக்காரர் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். சாவிகளில் மாற்றம் செய்து, கமகத்தை அதில் வரவழைத்து, கச்சேரி மேடை ஏற்றினார். 1980ல் பம்பாயில் ஜான் ஹேண்டியோடு வாசித்தார். 1994ல் லண்டன் பிராம்ஸ் விழா. 2008ல் அமெரிக்க ஜாஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு ‘கின்ஸ்மென்’ என்ற தட்டு. 2019ல் மறைந்தார். அவருக்கு முன்னால் ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டுக்கு இதே வழியை வெட்டியிருந்தார். சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் விதியைப் பாருங்கள்: ராகம் வாசித்துக் காட்டிய பிறகுதான் அந்த வாத்தியத்துக்கு மரியாதை. பேண்டுக்காரனின் வாத்தியம் சபா ஏற வேண்டுமென்றால் சாஸ்திரிய சான்றிதழ் வேண்டும்.

1994ல் பாலசந்தரின் ‘டூயட்’ வந்தது, ஏ.ஆர். ரஹ்மான் இசை. பிரபு சாக்ஸபோன் கலைஞனாக நடித்தார், வாசித்தது கத்ரி. பருமனான, கூச்சப்படுகிற, காதலைச் சொல்லத் தெரியாத ஒரு ஆம்பளை அந்த வாத்தியத்தில் பேசினான். தமிழ்க் காதில் சாக்ஸபோனுக்கு அர்த்தம் மாறியது அப்போது. காபரேயை விட்டு அது தனிமைக்கு வந்தது. அதற்கப்புறம்தான் கல்யாண மண்டபத்திலும் வரவேற்பறையிலும் சாக்ஸபோன் சினிமாப் பாட்டு நிறைந்தது. அதைப் ‘பின்னணிச் சத்தம்’ என்று நாம் சிரிக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டரிங் பாத்திரம் கழுவுகிறவளும் காதில் வாங்குகிற காதல் பாட்டு அது. சொல்லில்லாததால் கதாநாயகனும் இல்லை, கதாநாயகியின் நிறமும் இல்லை. அவளுக்கு வேண்டிய ஆளை அவள் வைத்துக்கொள்ளலாம்.

6

தமிழிசை இயக்கம் 1940களில் எழுப்பிய கேள்வி, எந்த மொழியில் பாடுவது என்பது. நியாயமான கேள்வி. அதன் விளைவோ என்னவோ, நம் இசை அரசியல் முழுக்கச் சொல்லைச் சுற்றியே நிற்கிறது. பாட்டில் கருத்து இருக்கிறதா, யார் எழுதினது, யாருக்கு எதிராக? யார் எந்த வாத்தியத்தை எந்த இடத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம், யாருக்கு நின்றுகொண்டு மட்டும் வாசிக்க அனுமதி என்ற கேள்வி அதில் அமுங்கிப்போயிற்று. பறையை வைத்து தலித் தோழர்கள் இந்தக் கேள்வியை எழுப்பியபோதுதான் கொஞ்சம் விழித்தோம். அதைப் பேண்டு செட்டுக்கும், ஆலயத்து ஆர்கன் பெஞ்சுக்கும், ஸ்டூடியோவின் பின் வரிசைக்கும் நீட்ட வேண்டும்.

இதில் செய்வதற்கு வேலை இருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் பழைய பேண்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கே படித்தார்கள், முதல் வாத்தியம் எங்கிருந்து வந்தது, சாவுக்கும் கல்யாணத்துக்கும் என்ன கூலி என்று உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யலாம். சபை வரலாறுகளில் பெரும்பாலும் ஆர்கனை அன்பளிப்பாகக் கொடுத்தவர் பேர் இருக்கும். முப்பது வருஷம் அதை வாசித்தவர் பேர் தேடினாலும் அகப்படாது. கேட்கப் போகிறவர்கள் ஒரு கேள்வியை மறக்க வேண்டாம்: வேலை முடிந்து, யாரும் கூப்பிடாத நேரத்தில், தனக்காக அவர் என்ன வாசித்தார்?

பதில் அனேகமாக ஒரு சினிமாக் காதல் பாட்டாக இருக்கும். அதைக் கேட்டு நாம் முகம் சுளிக்காமல் இருக்கப் பழக வேண்டும். ஊழியம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகச் சண்டை போட்ட சனம், அந்தக் கிழமையில் என்ன பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.